அடுப்படி ஜன்னலில் எபனேசர்

சோழபுரத்து வேலுத்தாய்க்கு வயது அறுபத்தொன்று. நாற்பது வரைக்கும் பருத்தி எடுத்தாள், களை வெட்டினாள். புருஷன் காமாலையில் போன பிறகு மதுரையில் ஆறு மாதம் தங்கி, நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்க்கும் பயிற்சி எடுத்துக்கொண்டாள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவது, மூக்குக்குழாயில் கஞ்சி விடுவது, சர்க்கரை பார்ப்பது, அழுகிற சொந்தக்காரர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பது எல்லாம் அங்கே படித்ததுதான். இருபது வருடத்தில் பதினான்கு வீடு. ஒன்பது பேரைக் கடைசிவரை பார்த்து, குளிப்பாட்டி, வேட்டி கட்டிக் கொடுத்திருக்கிறாள். எதைக் கண்டும் அவள் முகம் மாறாது என்று அவளை வேலைக்கு அனுப்புகிறவர்கள் சொல்வார்கள். அது உண்மையாகத்தான் இருந்தது, பதினைந்தாவது வீட்டுக்கு வரும் வரைக்கும்.

பதினைந்தாவது வீடு ராஜபாளையத்தில். தேவஇரக்கம் என்ற எழுபத்தொன்பது வயதுப் பெரியவர். நூல் மில்லில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தவர். மூன்று வருடமாக மறதி நோய். மனைவி இல்லை. மகள் பியூலா ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கணவர் குவைத்தில். காலை எட்டரை பஸ்ஸுக்குப் போனால் இரவு ஏழே காலுக்குத்தான் பியூலா வீடு திரும்புவாள். இடையில் இருக்கிற நேரம் முழுக்க வேலுத்தாயின் பொறுப்பு.

பெரியவருக்கு முதலில் போனவை பெயர்கள். மகளை ஏசம்மாள் என்று கூப்பிடுவார். அது இறந்துபோன மனைவியின் பெயர். வேலுத்தாய்க்குப் பெயரே கிடையாது, 'ஏட்டி'தான். பக்கத்து வீட்டு பெலிக்ஸை எபனேசர் என்பார். எபனேசர் அவருடைய தம்பி, இறந்து எட்டு வருடமாகிறது.

பெலிக்ஸ் தங்கமான மனிதர் என்று தெருவே சொல்லும். ஹார்டுவேர் கடை வைத்திருந்தார், சபைக் கமிட்டியிலும் இருந்தார். காலையில் கடை திறக்கப் போகும்போது வாசலில் வண்டியை நிறுத்தி, "ஐயா சாப்பிட்டாரா, வேலக்கா?" என்று கேட்காமல் போகமாட்டார். பெரியவர் "வாலே எபனேசர்" என்றால், "ஆமாண்ணே, எபனேசர்தான் வந்திருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே கையைப் பிடிப்பார். அதைப் பார்த்து பியூலாவும் சிரிப்பாள், வேலுத்தாயும் சிரிப்பாள்.

சிரிக்க முடியாதது சாயங்காலத்தில் நடந்தது. ஏழு மணிக்குப் பெரியவரை அடுப்படியில் சின்ன மேசை முன் உட்கார வைத்து தோசை கொடுப்பது வழக்கம். அவருக்கு நேர் எதிரே, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல். சில நாள் ஒன்றும் இருக்காது, பேசாமல் சாப்பிடுவார். சில நாள் திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

"எபனேசர் நிக்கான். ஜன்னல்ல நிக்கான். போகச் சொல்லுட்டி அவன."

வேலுத்தாய் கல்லை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். கண்ணாடியில் பெரியவரின் உருவம்தான் தெரியும். இரண்டு தடவை தட்டை வீசியதில் ஒன்று அவள் தோளில் பட்டது. ஒரு தடவை கண்ணாடியைக் குத்தி விரலைக் கிழித்துக்கொண்டார்.

பயிற்சியில் இதற்குத் தனிப் பாடமே உண்டு. பொழுது சாயும்போது இந்த நோயாளிகளுக்குக் குழப்பம் கூடும். வெளியே இருட்டி, உள்ளே விளக்குப் போட்டால் ஜன்னல் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். தன் உருவத்தையே வேற்றாள் என்று நினைத்துப் பயப்படுவார்கள். அவர்களோடு வாதாடக்கூடாது, பேச்சை மாற்ற வேண்டும். வேலுத்தாய் அப்படியே செய்தாள். தினமும் எழுதும் நோட்டில், தூக்கம், சாப்பாடு, வெளிக்குப் போனது எல்லாவற்றுக்கும் கீழே, 'ஜன்னலில் இல்லாத ஆளைப் பார்த்தார்' என்று தேதி போட்டு எழுதினாள்.

இதோடு இன்னொரு புகாரும் சேர்ந்தது. அந்தப் பக்கம் குழாயில் நல்ல தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒரு முறை சாயங்காலம் வரும். வீட்டின் பின்னால், அடுப்படி ஜன்னலுக்குக் கீழே, தரைக்குள் கட்டிய தொட்டியில் நிரம்பும். காலையில் பியூலா மோட்டார் போட்டு மேலே ஏற்றுவாள். சில மாதமாக மேல்தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. தொட்டியில் விரிசலும் இல்லை. பெரியவர் பகலில் குழாயைத் திறந்துவிட்டு மறந்துவிடுகிறார் என்று முடிவு கட்டினார்கள். நான் கூடவே இருக்கிறேன், ஒரு நாளும் அவர் திறந்து பார்த்ததில்லை என்று வேலுத்தாய் சொன்னாள். நீங்கள் குளிக்கப் போகும்போது செய்திருப்பார் என்றாள் பியூலா.

மதுரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தை பெலிக்ஸ்தான் சொன்னார். அங்கே அவருக்குத் தெரிந்தவர் இருந்தார். நோய் முற்றிவிட்டது, பெண்பிள்ளைகள் இரண்டு பேர் எத்தனை நாள் சமாளிப்பீர்கள், கண்ணாடி கழுத்தில் கிழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. விண்ணப்பத்தை அவரே வாங்கி வந்தார். 'இல்லாதவர்களைப் பார்க்கிறார், குழாய்களைத் திறந்துவிடுகிறார்' என்று பியூலா எழுதினாள். இல்லத்தில் ஆதாரம் கேட்டார்கள். வேலுத்தாயின் நோட்டிலிருந்து இரண்டு மாதத்துப் பக்கங்களை நகல் எடுத்து வைத்தாள்.

அந்த நகலைப் பார்த்த பிறகுதான் வேலுத்தாய் வாயைத் திறந்தாள். வீட்டை மாற்றினால் இந்த நோயாளிகள் ஒரே மாதத்தில் படுத்துவிடுவார்கள், மூன்று பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன் என்றாள். ஜன்னலை மறைத்துப் பார்ப்போம். மறைத்த பிறகும் ஆள் நிற்கிறான் என்று கத்தினால் அனுப்பிவிடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். பியூலா மாதக் கடைசி வரைக்கும் தவணை கொடுத்தாள். அதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"திரையையும் நீங்களே பாத்து வாங்கிருங்கக்கா. எனக்கு இதுல ஒண்ணுந் தெரியாது."

அடுப்புக்கு இரண்டடியில் ஜன்னல் இருந்ததால் சாதாரணத் துணித்திரை ஆகாது. தாளிக்கும்போது பற்றிக்கொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜன்னலை மறைக்கும் பிளைண்ட்ஸ் விற்கிற கடை இருப்பதாக பியூலா சொன்னாள். வேலுத்தாய் போய் வரும் வரை பெரியவரோடு நான் இருக்கிறேன் என்று பெலிக்ஸ் கடையைக்கூட விட்டுவிட்டு வந்தார். எந்த ஜன்னலுக்கு என்று கேட்டார். அடுப்படி ஜன்னலுக்கு என்றதும் சற்று யோசித்தார்.

"வாங்குறது வாங்குறீங்க, கட்டியா, ஒண்ணுமே தெரியாத மாதிரி வாங்குங்கக்கா. அதான் அண்ணனுக்கு நல்லது."

கடையை நடத்தியவள் வெங்கடேஸ்வரி, நாற்பது வயதுக்காரி, வாய்த்துடுக்கு. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். மூங்கில் தட்டி பார்க்க அழகாக இருந்தது. வேலுத்தாய் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்து, எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பான் குஞ்சும் இதற்குள் போனால் யார் எடுப்பது என்று ஒதுக்கினாள். அலுமினியப் பட்டை வைத்தது கழுவ லேசு. ஆனால் வெயில் விழுந்தால் தரையெல்லாம் கோடு கோடாக நிழல் விழும். மறதிக்காரருக்கு அது படியாகவோ பள்ளமாகவோ தெரியும், காலைத் தூக்கி வைத்து விழுவார். வேண்டாம். மடிந்து ஏறும் துணித்திரை பேச்சே இல்லை.

கடைசியில் சுருட்டி ஏற்றும் வகை. ரெக்சின் மாதிரி வழுவழுப்பு. வேலுத்தாய் பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து, மஞ்சள் கலந்த நல்லெண்ணெயை மாதிரித் துண்டில் தடவினாள்.

"ஏக்கா, சாம்பிள் பீசுல போயி எண்ணெயத் தேய்க்கீங்க?"

"வீட்டுல இதான தெறிக்கப் போவுது. தொடச்சாப் போவுதான்னு பாக்கேன்."

முந்தானையால் துடைத்தாள். போய்விட்டது. வெங்கடேஸ்வரி சிரித்துவிட்டு, இருபது வருடத்தில் ஒருவரும் இப்படிச் சோதித்ததில்லை என்றாள். இழுக்கிற மணிச்சங்கிலி வளையமாகத் தொங்கக்கூடாது, நோயாளி கழுத்தை விட்டுவிடுவார், சுவரில் உயரத்தில் இறுக்கிவிட வேண்டும் என்று வேலுத்தாய் சொன்னதையும் எழுதிக்கொண்டாள்.

அந்த வகையிலேயே இரண்டு இருந்தன. ஒன்று பின்பக்கம் கறுப்புப் பூசியது, ஒரு பொட்டு வெளிச்சம் வராது. மற்றது சந்தன நிறம், மெல்லியது. வெளிச்சம் வரும், ஆனால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. மேற்கு ஜன்னலுக்கு எல்லோரும் கறுப்பைத்தான் எடுக்கிறார்கள் என்றாள் வெங்கடேஸ்வரி. பெலிக்ஸும் அதைத்தான் சொன்னார். வேலுத்தாய் கறுப்பைக் கையில் எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். கிணற்றுக்குள் பார்த்த மாதிரி இருந்தது. பகல் எது இரவு எது என்று தெரியாமல் போனால் பெரியவரின் தூக்கம் அடியோடு கெட்டுவிடும். கண்ணாடியின் பளபளப்பு மறைந்தால் போதும், பொழுது மறைய வேண்டாம். அதைக் கீழே வைத்துவிட்டுச் சந்தன நிறத்தைக் காட்டினாள்.

வீடு திரும்பியபோது பெரியவர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி விறைத்து உட்கார்ந்திருந்தார். எபனேசர், எபனேசர் என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்றார் பெலிக்ஸ், பாவமாக. எந்தத் திரை எடுத்தீர்கள் என்று கேட்டார். சந்தன நிறம், மூடிவிட்டால் ஒன்றும் தெரியாது என்றாள் வேலுத்தாய். நல்லதாகப் போயிற்று என்றார்.

மறுநாள் கடையிலிருந்து ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். பொழுது சாய்ந்ததும் வேலுத்தாய் திரையை இறக்கினாள். அன்று பெரியவர் மூன்று தோசை சாப்பிட்டார். அடுத்த நாளும் அமைதி. மூன்றாம் நாள் பழைய மில் சங்கதி ஏதோ சொல்லிச் சிரித்தார். நான்காம் நாள் பியூலா வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தாள். வேலுத்தாய் தலையை ஆட்டினாள், ஒன்றுமில்லை என்று.

ஐந்தாம் நாள் ஏழு மணிக்குக் கல்லில் தோசை வெந்துகொண்டிருந்தது. புகைபோக்கி விசிறி கடகடவென்று ஓடியது. பின்னால் பெரியவர் மெதுவாகச் சொன்னார்.

"எபனேசர் வந்துட்டான்."

வேலுத்தாய் ஜன்னலைப் பார்த்தாள். இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கியும் தோற்றுப் போயிற்று. பியூலா வந்தால் மறைக்க முடியாது, நோட்டில் எழுதித்தான் ஆக வேண்டும். இறங்கிய திரை அப்படியே இறங்கியிருந்தது. டியூப் லைட் பட்டு ஏதாவது மினுங்குகிறதோ என்று தோன்றியது. விளக்கை அணைத்துக் காட்டினால் அங்கே யாரும் இல்லை என்று அவருக்கே தெரியுமே. அடுப்பை அணைத்தாள். விசிறியை நிறுத்தினாள். விளக்கை அணைத்தாள்.

பின்னால் இருந்த காலி மனைக்கு அப்பால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் சந்தன நிறத் திரையில் முழுக்க விழுந்திருந்தது. அதன் நடுவில் ஒரு மனிதனின் தலையும் தோளும் நின்றன.

நிழல் குனிந்தது, நிமிர்ந்தது. கையில் வளைந்து வளைந்து ஏதோ தொங்கியது. தரையில் இரும்பு மூடி உரசும் சத்தம் கேட்டது, விசிறிக்கு அடியில் நின்ற அவளுக்குக் கேட்காமல் பெரியவருக்கு முன்பே கேட்டிருந்த சத்தம். திரை இறங்கியிருக்கிறது, உள்ளே விளக்கும் இல்லை, யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதியில் அது அவசரமே இல்லாமல் வேலை பார்த்தது. முன்பெல்லாம் பெரியவர் கத்தியவுடன் அது கீழே குனிந்துவிட்டிருக்கும். அவள் திரும்பிப் பார்க்கும்போது கண்ணாடியில் மிச்சம் இருந்தது பெரியவரின் உருவம் மட்டும்தான்.

"சொன்னேம்லா," என்றார் பெரியவர்.

வேலுத்தாய் ஜன்னலுக்குப் போய்ச் சங்கிலியை இழுத்தாள். திரை அடியிலிருந்து சுருண்டு மேலே ஏறியது. முதலில் பச்சைக் குழாயைப் பிடித்த ஒரு கை தெரிந்தது. பிறகு சட்டைப்பை, அதில் ஒரு செல்போன். பிறகு தாடை. பிறகு பெலிக்ஸின் முகம்.

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். ஒரு முழம்தான் இடைவெளி. பெலிக்ஸின் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. பிறகு, தினமும் காலையில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"ஐயா சாப்பிட்டாரா, வேலக்கா?"

ஒன்பது பிணத்தைக் குளிப்பாட்டியவளுக்கு அந்தக் கேள்வியில்தான் முதுகு சில்லிட்டது. பெலிக்ஸ் தொட்டிக்குள் இறக்கியிருந்த குழாயை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவே பின்சுவரில் இருந்த சிறிய கேட் வழியாக நடந்து போனார். ஏசம்மாள் இருந்த காலத்தில் பெண்கள் குழம்பு கொடுத்து வாங்க வைத்த கேட் அது. அதற்குப் பூட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை.

விளக்கைப் போட்டாள். பெரியவர் காலித் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெயரைத்தான் அவர் மாற்றிச் சொல்லியிருக்கிறார், ஆளை மாற்றவில்லை. காலையில் வாசலில் வந்தவரையும் எபனேசர் என்றார், சாயங்காலம் ஜன்னலில் நின்றவரையும் எபனேசர் என்றார். அதைக் காலையில் கேட்டுச் சிரித்தோம், சாயங்காலம் கேட்டு நோய் என்று எழுதினோம்.

பியூலா வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். பியூலா நம்பவில்லை. இருட்டில் வேறு யாரையோ பார்த்திருப்பீர்கள், பெலிக்ஸ் அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை என்றாள். வேலுத்தாய் அவளைப் பின்பக்கம் கூட்டிப் போய்க் குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். குழாய் குளிர்ந்திருந்தது, உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெலிக்ஸ் வீடு இரண்டடி தாழ்வு. மோட்டாரே வேண்டாம், தண்ணீர் நிரப்பிய குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டால் தானாக இறங்கும். பியூலா செல்போன் வெளிச்சத்தில் குழாயோடு நடந்தாள், கேட்டைத் தாண்டினாள். அந்தப் பக்கத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பின்வாசல் படியில் உட்கார்ந்தாள்.

பிறகு நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள். காலண்டரில் தண்ணீர் வந்த நாட்களுக்கு அவள் சுழித்து வைத்திருந்தாள். இரண்டு மாதத்தில் பெரியவர் பதினொரு தடவை கத்தியிருந்தார். பதினொன்றும் தண்ணீர் நாள்.

"ஒரு நாளாச்சும் பின்னால போயி எட்டிப் பாக்கணும்னு தோணலயாக்கா ஒங்களுக்கு?"

"தோணல. பாடத்துல இப்படித்தான்னு இருந்துச்சு, அதோட விட்டுட்டேன்."

அந்தப் பதிலில் சாக்கு எதுவும் இல்லை. பியூலாவும், "நானுந்தான எழுதினேன், நானுந்தான கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, இல்லத்துக்குப் போன் செய்தாள். அப்பா வரவில்லை என்றாள். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. "அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் பெலிக்ஸின் மனைவி வந்து அழுதாள். மாடியில் மில் வேலைக்காரர்கள் ஆறு பேரைக் குடிவைத்திருக்கிறார்கள், தண்ணீர் பத்தவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது. எட்டு மணிக்கு மேல் பியூலா பின்பக்கம் துணி துவைப்பாள், விடிந்தால் மோட்டார் போட்டுவிடுவாள், ஏழு மணி தவிர நேரமில்லை. இதெல்லாம் பியூலாவுக்குப் புரிந்தது. புரியாதது ஒன்றுதான். தண்ணீர் எடுத்தது சரி, அந்த விண்ணப்பத்தை அவர் ஏன் கொண்டுவந்தார்? அந்த அம்மாள் மறுபடி தண்ணீர் பத்தாத கதையையே சொன்னாள். பெலிக்ஸ் வரவில்லை. கேட்டைச் செங்கல் வைத்து அடைத்தார்கள்.

பெலிக்ஸைப் பார்த்த அன்று இரவே பெரியவரிடம் பியூலா கேட்டிருந்தாள், ஜன்னலில் நின்ற ஆள் யார் அப்பா என்று. எந்த ஆள் என்றார் அவர். நோய் நோய்தான், அது எங்கும் போய்விடவில்லை.

அடுத்த வாரம் பகல் மூன்று மணிக்குக் குளியலறைப் பக்கம் கையைக் காட்டி, உள்ளே ஒரு கன்றுக்குட்டி கட்டிக் கிடக்கிறது, தண்ணி காட்டவில்லை, கத்துகிறது என்றார். வேலுத்தாய் அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் திறந்து, வாளிக்குப் பின்னால் பார்த்தாள். வெளியே போய் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, தொட்டி மூடியைப் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள். காலி மனையில்கூட ஆடு மாடு எதுவும் இல்லை. திரும்பி வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"முழுக்கப் பாத்துட்டேன் ஐயா. கன்னுக்குட்டி இல்ல."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சரி" என்றார் பெரியவர். அவள் மறுபடி வெண்டைக்காயை எடுத்தாள்.